உஷ் சார் அலறிய நாள்

அமெரிக்காவில் காலடி வைத்த தமிழர்களிலேயே, குரலை உயர்த்தாமல் ஊரை அடக்கத் தெரிந்தவர் உஷ் சார் ஒருவர்தான். ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலைக்காக நாங்களெல்லாம் கொத்துக் கொத்தாகக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வந்து இறங்கியிருந்த காலம் அது. பொள்ளாச்சிக்காரரான அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எந்த நேரமும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, "உஷ்!" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

காரணம், பறவைகள். பறவை கிடைக்காவிட்டால் அணில். ஒருநாள் ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே அந்த ஊர்த் தேன்சிட்டு ஒன்று வந்து அந்தரத்தில் நின்றது. உஷ் சார் சட்டென்று எழுந்து, கையை உயர்த்தி, ஜன்னலை வெறித்துப் பார்த்து, "உஷ்!" என்றார். கலிஃபோர்னியாவில் ஒருவர் அப்படிச் செய்தால் வேறு அர்த்தம். பூகம்பம் என்று நினைத்து இரண்டு பேர் மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டார்கள். அதில் ஒருவர் மேனேஜர்.

இன்னொரு நாள் மவ்ரி அவென்யூ மளிகைக் கடையில் இருபது பவுண்டு அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவர், பார்க்கிங் லாட்டின் நடுவில் சிலையாக நின்றுவிட்டார். விளக்குக் கம்பத்தில் ஒரு பருந்து எலியைக் கிழித்துக்கொண்டிருந்தது. பின்னால் கார்கள் ஹார்ன் அடித்தன. நான் ஓடிப்போய் இழுத்தேன்.

"சத்தம் போடாதீங்க. அவங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க" என்றார்.

பூச்சி புழுவுக்குக்கூட அவர் மரியாதை குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. எங்களையும் அப்படித்தான், எல்லோரும் 'வாங்க, போங்க'.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது. யோசமிட்டி மலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய ஆந்தை இருக்கிறதாம். பனிக்காலத்தில் புல்வெளி ஓரமாக வேட்டைக்கு வருமாம். ஒவ்வொரு குளிர்காலமும் உஷ் சார் யாராவது ஒருவருடைய காரில் தொற்றிக்கொண்டு போவார், பார்க்காமலே திரும்புவார். அவருக்கு டிரைவிங் வராது. ஃப்ரீவேயில் பறக்கிற கார்களுக்கு நடுவில் நுழையச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிற ஜாதி. அந்த வருஷம் விசா முடிந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஊருக்கு. அதற்குமேல் இந்த ஜென்மத்தில் அந்த ஆந்தை இல்லை.

"கடைசியா ஒருக்கா கூட்டிட்டுப் போறீங்களா?" என்று என்னிடம் கேட்டார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

பிறவியிலேயே நான் பயந்தாங்கொள்ளி. பனியில் கார் வழுக்குமே, மலைப்பாதையில் உருண்டால் யார் தேடுவார்கள் என்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. என் மனைவி வசந்தியின் பயம் வேறு வகை.

"ஏங்க, ஆந்தைய பாக்கவா இவ்ளோ தூரம்? எங்க ஊர்ல அது அலறினாலே யாருக்கோ சாவுன்னு கதவைச் சாத்துவோம். நீங்க பெட்ரோல் போட்டுட்டுப் போய் பாக்கறீங்க!"

ஊரிலிருந்து போனில் என் அம்மாவின் பயம். "பனி காதுல போச்சுன்னா ஜன்னி கண்டுடும்டா. காதுல பஞ்சு வெச்சுக்கோ. மேல மங்கி குல்லா. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே சிவப்பு மங்கி குல்லாவை இழுத்து, அதற்கும் மேலே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். உலகம் சுத்தமாக ம்யூட் ஆகிவிட்டது.

மலை ஏறும் இடத்தில், பனியில் வழுக்காமல் இருக்க டயருக்குச் சங்கிலி மாட்டச் சொன்னார்கள். உஷ் சார்தான் பனியில் படுத்து மாட்டினார். அடுத்து ஓர் எச்சரிக்கைப் பலகை. கரடி ஒன்று காரின் கதவை வாழைப்பழத் தோல் மாதிரி உரிக்கிற படம். காரில் சாப்பாடு வைக்காதே, வாசனைக்கு வரும் என்று எழுதியிருந்தது. எங்களோடு கிளம்பிவிட்ட வசந்தி பின்சீட்டில் எவர்சில்வர் டப்பா நிறைய, நல்லெண்ணெய் மிதக்க, புளியோதரை கொண்டுவந்திருந்தாள். அதன் வாசனைக்கு ஃப்ரீமான்ட் கரடிகளே வந்திருக்கும்.

"இந்த சீசன்ல கரடிங்க தூங்கிட்டு இருப்பாங்க" என்றார் உஷ் சார், என் மஃப்ளரை விலக்கிக் காதோரமாக.

"எல்லாருமா?"

"பெரும்பாலும்."

அந்தப் 'பெரும்பாலும்' காதில் விழுந்ததும் காரின் நாலு கதவையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். டப்பாவைக் காரில் விட வழியில்லை. வசந்தி கரண்டியோடு அதை இடுப்பில் வைத்துக்கொண்டாள். காரை நிறுத்திவிட்டுப் புல்வெளி ஓரத்துக்கு நடந்துபோய் ஒரு மரத்தடியில் நின்றோம்.

வெள்ளை வெளேரென்று ஓர் உலகம். தூரத்தில் மான்கள் பனியை முகர்ந்துகொண்டு நின்றன. ஒரு கொயோட்டி, நம்மூர் நரிக்கு அண்ணன் போல இருந்தது, துள்ளி எழும்பித் தலைகீழாகப் பனிக்குள் மூக்கைக் குத்தி எலி பிடித்தது. கொண்டை வைத்த நீலப் பறவை ஒன்று டப்பாவையே சுற்றிச் சுற்றி வந்தது. நானும் கொஞ்சம் பயம் தெளிந்து, "எவ்ளோ அழகா இருக்கு!" என்றேன்.

காதில் பஞ்சு வைத்தவன் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவது மைக் வைத்துப் பேசுவதற்குச் சமம். மான்கள் ஓடிவிட்டன. கொயோட்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டியது. உஷ் சார் உதட்டில் விரலை வைத்தார். "என்ன சார்? கேக்கல!" என்று கத்தினேன். நீலப் பறவையும் போய்விட்டது. பாவம், அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. குளிராலும் இருக்கலாம்.

இருட்டுவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மறுபடி பனி கொட்ட ஆரம்பித்தது. என் கேன்வாஸ் ஷூ ஊறி, கால் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. நான் இருந்தால் ஆந்தையும் வராது. காரில் போய் உட்காருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு நடந்தேன்.

கார் கொஞ்ச தூரம்தான். ஆனால் வரவில்லை. நாங்கள் வந்த காலடித் தடத்தைப் பனி மூடியிருந்தது. நடந்தேன், நடந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மரம், ஒரே வெள்ளை. ஒரு வழியாக ஒரு தடம் தெரிந்தது. நம்முடையதுதான் என்று பின்பற்றினேன். குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அது ஷூ இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு, வட்டமாக, ஒரு பாதம். வீட்டுப் பூனையின் கால் தடத்தை நான் பார்த்திருக்கிறேன். இது அதன் பெரியப்பா.

அந்தப் பயத்தை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது வசந்தியின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தடம் போன திசைக்கு எதிர்த்திசையில், சமவெளியாகத் தெரிந்த இடத்தை நோக்கிக் கண்மண் தெரியாமல் ஓடினேன்.

எங்கிருந்தோ 'டங் டங் டங்' என்று மணிச்சத்தம் பஞ்சைத் துளைத்துக்கொண்டு வந்தது. எமன் மணி அடித்துக்கொண்டு வருகிறான் என்றே நினைத்தேன். நின்று திரும்பினேன். மரத்தடியில் உஷ் சார், எவர்சில்வர் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக் கரண்டியால் வெளுத்துக்கொண்டிருந்தார். புளியோதரை அவர் தலையெல்லாம். மஃப்ளரையும் குல்லாவையும் பஞ்சையும் பிய்த்தெறிந்தேன்.

"டேய்! நில்றா! இன்னொரு அடி வெச்சே, கொன்னுபோடுவேன்! அசையாதடா!"

உஷ் சாரின் குரலா அது? மலை திருப்பிச் சொன்னது. கீழே பார்த்தேன். என் ஷூவுக்கு முன்னால் பனி மெல்ல உள்வாங்கிச் சரிந்தது. அதற்கடியில் கறுப்பாக, வேகமாக, ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கார் வரைக்கும் கையை விடவில்லை. 

அடிவாரத்தில் சங்கிலியைக் கழற்ற அவர் இறங்கியபோது வசந்தி முன்னால் சாய்ந்து சொன்னாள்.

"ஆந்தை வந்துச்சுங்க. எதிர்ல பட்ட மரத்துல, அவ்ளோ பெருசா. நான் கத்தக்கூட மறந்துட்டேன். அவர் பைனாகுலரைத் தூக்கினாரு. அதுக்குள்ள ஆந்தைக்குப் பின்னாடி உங்க சிவப்புக் குல்லா தெரிஞ்சிருக்கு, ஓடைப் பக்கமா. வருஷாவருஷம் வர்றவருக்கு ஓடை இருக்கற இடம் தெரியாதா? முதல்ல கையைத் தட்டினாரு, அப்புறம் கூப்பிட்டாரு. உங்களுக்குத்தான் கேக்கலையே. என் கையில இருந்து டப்பாவைப் பிடுங்கிட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த ஆந்தை அலறவே இல்லீங்க. அலறினது அவர்தான். அது பறந்து போச்சு. திரும்பிக்கூட பாக்கல அவர்."

உஷ் சார் கைகளைத் தேய்த்துக்கொண்டு வண்டியில் ஏறினார். காதோரம் இன்னும் ஒரு கடுகு ஒட்டியிருந்தது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "போலாங்களா?" என்றார், பழைய குரலில்.

"சார்… அந்த ஆந்தை… என்னால…"

 அவர் என் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தார்.

"உஷ்."

காதில் பஞ்சு இல்லை. நன்றாகவே கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது.