கதவைத் திறக்க ஒருவர்

வேலையிலிருந்து திரும்பிய மடிப்பக்கா, வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டை மூன்று முறை படித்துப் பார்த்தாள். மூன்று முறையும் அது ஒன்றையேதான் சொன்னது.

'ஆய்வுக்கு வந்தோம். கதவு பூட்டியிருந்தது. வீட்டில் யாரும் இல்லாத காரணத்தால் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது.'

கடுமையான வாசகம் என்று சொல்வதற்கில்லை. எழுத்துப் பிழைகூடக் கிடையாது. ஆனால் அந்த விண்ணப்பத்தில் அவள் எழுதிக் கொடுத்திருந்ததும் ஏறக்குறைய அதேதான். தாய் தகப்பன் இருவருமே வேலைக்குப் போகிறோம், மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை, ஆகவே காப்பகக் கட்டணத்தை அரசு தந்து உதவ வேண்டும் என்று கேட்டிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை என்பதை ஆய்வாளர் நேரில் வந்து உறுதி செய்துகொண்டு, அந்தக் காரணத்துக்காகவே விண்ணப்பத்தை நிறுத்தியிருந்தார்.

மடிப்பக்கா என்பது சலவைக்கூடத்தில் வைத்த பெயர். மருத்துவமனையிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து, வெந்து, உலர்ந்து, இஸ்திரி இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வரும் படுக்கை விரிப்புகளை நான்கு மூலையும் பிசகாமல் அவளைப்போல் மடிக்க அங்கே இன்னொருத்தி இல்லை. குழந்தை பிறந்த பிறகு மூன்று வருடம் வேலையை விட்டிருந்தாள். வீட்டில் இருக்கும் தாய்மாருக்கு அரசு தரும் உதவித்தொகை மாதம் தவறாமல் வந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல், குழந்தையின் நாலு சட்டையையே நாளெல்லாம் பிரிப்பதும் மடிப்பதுமாக அவள் இருந்ததைக் கண்டு, பேருந்து ஓட்டுநரான அவள் கணவரே பயந்துபோய், "நீ வேலைக்கே போயிடு தாயே" என்று சொல்லிவிட்டார்.

போய் இரண்டு மாதம் ஆகிறது. காப்பகத்தில் குழந்தையைத் தற்காலிகமாகத்தான் சேர்த்திருந்தார்கள். இந்த மாதக் கடைசிக்குள் சலுகை ஆணை வராவிட்டால் அந்த இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். கட்டணத்தைக் கையிலிருந்து கட்டுவதென்றால் அவள் சம்பளம் முழுவதையும் அப்படியே காப்பகத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். ஆக, ஆணை வந்தால் சலவைக்கூடம்; வராவிட்டால் மறுபடியும் அந்த நாலு சட்டை.

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். ஆறாம் எண் ஜன்னலில் இருந்தவர் நல்ல மனிதர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆய்வாளர் வரும்போது கதவைத் திறக்க ஒருவர் இருக்க வேண்டும் என்றார்.

"யாரு சார் இருப்பாங்க? ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம்னுதானே எழுதிக் குடுத்திருக்கோம்."

"அதைத்தாம்மா அவங்க வந்து பார்க்கணும்."

"சரி, எப்ப வருவாங்கன்னாவது சொல்லுங்க."

"சொல்லக் கூடாதும்மா. சொன்னா நீங்க தயாரா இருப்பீங்க."

"தயாரா இருக்கறதுக்குத்தான் சார் கேக்கறேன்."

அவர் அனுதாபத்துடன் தலையசைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்று மாலை கணவர் ஒரு யோசனை சொன்னார். விடியற்காலை வண்டியை எடுத்துக்கொண்டால் பத்து மணிக்கு வேலை முடிந்துவிடும். பிறகு வீட்டிலேயே இருந்து கதவைத் திறக்கலாம். மேலாளரின் கையைக் காலைப் பிடித்து முறையை மாற்றி வாங்கினார். மூன்றாம் நாளே பலன் கிடைத்தது. மாலையில் மடிப்பக்கா வந்தபோது மஞ்சள் சீட்டு மேசைமேல் இருந்தது.

'ஆய்வுக்கு வந்தோம். திடகாத்திரமான ஆண் ஒருவர் பகல் பதினோரு மணிக்கு உறங்கிக்கொண்டிருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் உண்டு.'

"நாலு மணிக்கு எழுந்து பஸ் ஓட்டிட்டு வந்து படுத்திருக்கேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்றதுக்குள்ள கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. எனக்குக் கண்ணே திறக்கல. ஒரு குடையும் ஒரு ஃபைலும்தான் தெரிஞ்சுது."

"குடைகிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

அவர் சீட்டைக் கையில் எடுத்தார். 'திடகாத்திரமான' என்ற சொல்லை மட்டும் இன்னொரு முறை படித்துக்கொண்டார். அதில் அவருக்குச் சிறிது மகிழ்ச்சி இருந்ததாகவே மடிப்பக்காவுக்குப் பட்டது.

வீட்டில் ஆள் இருக்கவும் வேண்டும், அந்த ஆள் தாயாகவோ தகப்பனாகவோ இருக்கவும் கூடாது என்றால், வெளியாள் ஒருவர்தான் கதவைத் திறந்தாக வேண்டும். இந்த முடிவுக்கு வர அவளுக்கு ஓர் இரவு பிடித்தது. காலையில் கணவரைப் பழைய முறைக்கே திரும்பச் சொல்லிவிட்டு, சாவியைக் கொண்டுபோய் எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தாள்.

எதிர்வீட்டு அக்கா ஒரு காலத்தில் தட்டச்சு வேலை பார்த்தவர். முதுகு போய்விட்டதால் சில வருடங்களாக உடல்நலிவுத் தொகையில் இருந்தார். உபகாரம் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அதைக் கேட்டதைவிடப் பெரிதாகச் செய்துவிடுவது அவர் சுபாவம். "இதெல்லாம் ஒரு வேலையா, நீ நிம்மதியாப் போயிட்டு வா" என்றார். அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருக்காங்க. மடிப்பக்கா அதை இரண்டு தடவை சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போனாள்.

நான்கு நாள் கழித்து ஆய்வாளர் வந்தார். அக்காவும் அந்த வாக்கியத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டார். அதோடு நின்றிருக்கலாம்.

"நல்ல பொண்ணும்மா அது. மழையில நனைஞ்சுக்கிட்டு வந்துச்சு, உக்காருன்னா உக்காரல. நீங்க இந்த வீட்டுக்கு என்ன வேணும்னு கேட்டுச்சு. நான்தான் குழந்தைக்குப் பெரியம்மான்னேன். நம்ம சின்னது என்னை அப்படித்தானே கூப்பிடுது?"

மடிப்பக்கா அவர் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

'ஆய்வுக்கு வந்தோம்' என்றது சீட்டு. 'தாயின் மூத்த சகோதரி வீட்டில் இருந்தார். தம்மிடமிருந்த சாவியால் அவரே கதவைத் திறந்தார். சிரமமின்றி நடமாடுகிறார். காப்பகம் தேவையில்லை.'

இதில் 'சிரமமின்றி நடமாடுகிறார்' என்பதை மடிப்பக்கா அப்போது கவனிக்கவில்லை. உடல்நலிவுத் தொகைப் பிரிவு கவனித்துவிட்டது. அடுத்த வாரமே எதிர்வீட்டுக் கதவில் ஒரு நீலச் சீட்டு ஒட்டப்பட்டது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு ஆரோக்கியம் திரும்பியிருப்பதற்கு மகிழ்ச்சி தெரிவித்து, தொகையை நிறுத்தியிருந்தார்கள்.

"உனக்குக் கதவைத் திறந்ததுக்கு என் வயித்துல அடிச்சிட்டியேடி."

"நான் என்னக்கா பண்ணேன்? ஒரு வார்த்தைதானே சொல்லச் சொன்னேன். நீங்க உறவு கொண்டாடினா நானா பொறுப்பு?"

"உறவு கொண்டாடினேனா? இனிமே உன் பொண்ணுகிட்ட என்னைப் பெரியம்மான்னு கூப்பிட வேணாம்னு சொல்லு. பேரைச் சொல்லியே கூப்பிடட்டும்."

இரண்டு குடும்பத்துக்கும் இப்போது மருந்து ஒன்றுதான். இருவருக்கும் உறவில்லை என்று அலுவலகத்தில் ஒரு சான்று வாங்க வேண்டும். இருவரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்பதால், பேச்சுவார்த்தை இல்லாமலே ஒரே பேருந்தில் ஏறி, ஒரே இருக்கையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். வரிசையில் நிற்கும்போது அக்காவுக்கு முதுகு வலித்தது. மடிப்பக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். ஜன்னலுக்கு வந்ததும் யார் முதலில் பேசுவது என்பதில் ஆரம்பித்து, போன வருடம் கொடுத்துத் திரும்பாத ஒரு பாத்திரம்வரை சண்டை போய்விட்டது.

ஆறாம் எண் ஜன்னல்காரர் பேனாவை மூடினார்.

"அம்மா, நான் இருபது வருஷமா இந்த ஜன்னல்ல இருக்கேன். உறவு இல்லாதவங்க இப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்ல."

சான்று கிடைக்கவில்லை. மேலதிகாரியைப் பார்க்கச் சொன்னார்கள். மேலதிகாரி பயிற்சிக்குப் போயிருந்தார். மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் வேறு படிவம் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அரை நாள் விடுப்பு, சில நாள் முழு நாள். சலவைக்கூடத்தில் விரிப்புகள் மடிப்பாரில்லாமல் குவிந்தன. மேற்பார்வையாளர் மூன்று முறை எச்சரித்தார். நான்காம் முறை எச்சரிக்காமல், ஈரத்துணிப் பகுதிக்கு அவளை மாற்றிவிட்டார். அங்கே மடிப்பதற்கு ஒன்றுமில்லை, தூக்குவதற்கு மட்டும் நிறைய உண்டு.

ஒருவழியாக, சான்று எதுவும் வேண்டாம், வேலை பார்க்கிறாள் என்று முதலாளியிடமிருந்து கடிதம் மட்டும் கொண்டுவந்தால் இன்னோர் ஆய்வுக்கு அனுப்புகிறோம் என்று மேலதிகாரி மனமிரங்கினார். மேற்பார்வையாளர் மறுக்காமல் எழுதிக் கொடுத்தார். அவர் பொய் எழுதும் மனிதர் அல்லர்.

'மேற்படியார் எங்கள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். இம்மாதம் ஒன்பது நாட்கள் பணிபுரிந்தார்.'

ஆறாம் எண் ஜன்னல்காரர் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். மாதம் பதினைந்து நாளாவது வேலை செய்தால்தான் வேலைக்குப் போகும் தாய் என்று கணக்கில் வரும் என்றார்.

"மீதி நாளெல்லாம் எங்க சார் இருந்தேன்? இங்கதானே, உங்க முன்னாலதானே நின்னேன்?"

"எனக்குத் தெரியும்மா. ஆனா நான் உங்களைப் பார்த்ததா எழுத ஒரு இடம் இல்லையே."

அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. கடிதத்தைப் புரட்டிப் பார்த்தவர், விண்ணப்பத்தின் மூலையில் ஒரு குறி போட்டு, கடைசி ஆய்வு என்று எழுதி அனுப்பி வைத்தார். மாதம் முடிய ஒரு நாள்தான் இருந்தது.

அந்தக் கடைசி நாள் காலையில் காப்பகத்தில், குழந்தையின் மாற்றுத் துணிப் பையைச் சாயங்காலம் மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விடும்படி பணிவாகச் சொன்னார்கள். அவள் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வெளியே இருந்தால் வீட்டில் ஆளில்லை, உள்ளே இருந்தால் வீட்டில் ஆளுண்டு. வெகுநேரம் யோசித்து, சலவைக்கூடத்துச் சீருடையை மாட்டிக்கொண்டு, கையில் பூட்டுடன், ஒரு கால் வாசலுக்கு உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றாள். எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்து பார்த்தார். பேச்சில்லாததால் ஒன்றும் கேட்காமல் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாததால் மடிப்பக்கா உட்காரவில்லை.

பதினோரு மணிக்கு மேல் படியேறி வந்தது ஒரு குடை. அதன் கீழே, அவள் நினைத்ததைவிட மிகவும் இளையவளாக, ஒரு பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஃபைலைத் திறந்து, மடிப்பக்காவின் கால்கள் இரண்டையும் பார்த்தாள்.

"நீங்க வீட்டுக்குள்ள இருக்கீங்களா, வெளிய இருக்கீங்களாம்மா?"

"எங்க இருந்தா கிடைக்குமோ அங்க இருக்கேன்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. படிவத்தின் இரண்டு பக்கமும் தேடிப் பார்த்தாள்.

"ரெண்டே கட்டம்தான் குடுத்திருக்காங்க. வாசப்படிக்குக் கட்டம் இல்ல." பேனாவின் மூடியைக் கழற்றி எழுதினாள். "பார்த்ததைத்தாம்மா எழுத முடியும். மன்னிச்சிடுங்க."

'விண்ணப்பதாரர் பகல் வேளையில் வீட்டில் இருந்தார்.'

மடிப்பக்கா சீட்டை வாங்கிக்கொண்டாள். அதை நான்கு மூலையும் பிசகாமல் மடித்தாள்.

"ஒரு சின்னக் குழந்தையை வச்சுக்கிட்டு வேலைக்கு ஓடறதுன்னா என்னன்னு, இதெல்லாம் எழுதறவங்களுக்குத் தெரியுமாம்மா?"

பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து ஒரு மழலைக் குரல் கேட்டது. "அம்மா, முடிஞ்சுதா?"

ஆய்வாளர் கைப்பிடிச் சுவர்மேல் குனிந்து, "அந்தப் படியிலயே உக்காந்துக்கோ கண்ணு. இன்னும் நாலு வீடுதான்" என்றாள்.

மடிப்பக்காவும் எட்டிப் பார்த்தாள். கீழ்ப்படியில், பெரிய மழைச்சட்டைக்குள் சிறியதாக ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது.

"உங்க குழந்தையா? ஏம்மா, காப்பகத்துல விடலையா?"

ஆய்வாளர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்கும் ஆய்வு முடிஞ்சாத்தானேம்மா மறுபடி சேர்ப்பாங்க. ஏழு தடவை வந்துட்டாங்க. ஏழு தடவையும் நான் வேற யார் வீட்டுக் கதவையோ தட்டிட்டிருந்தேன்."