ஐந்து துபாய்க் கம்பளிகளும் ஒரு டார்ச் லைட்டும்

எங்கள் சொந்தத்துக்குள் மூட்டைப்பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான். இப்போது ஒரே வரியில் எழுதிவிட்டேன். அன்றைக்கு இதை ஒப்புக்கொள்வதற்கு முன் கும்பகோணத்தில் பாதிப் பேர் மேல் பழி போட்டு முடித்திருந்தேன்.

துபாயில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு முதல் லீவில் வந்திருந்தேன். தங்கச்சி பரீதாவுக்கு நாகூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். நிக்காஹுக்கு ஒரு மாதம்கூட இல்லை. வெறுங்கையோடு வர முடியுமா? ஐந்து கம்பளி கொண்டுவந்தேன். (எங்கள் ஊர் வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்காதீர்கள். தூக்க முடியாத கனம் இருந்தால் அது உயர்ந்த சாமான். அவ்வளவுதான் அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது.) புலி போட்டது எங்கள் வீட்டுக்கு. மூன்று கம்பளி தெருவிலேயே சொந்தக்காரர்களுக்கு. இருப்பதிலேயே பெரியது, ரோஜாப்பூ போட்டது, நாகூர் சம்பந்தி வீட்டு மாமிக்கு.

பத்து நாளில் உம்மாவின் கை முழுக்கத் தடிப்பு. அடுத்து பரீதாவுக்கு. பிறகு தலையணையில் ரத்தப் பொட்டு. நான் கத்த ஆரம்பித்தேன். முதலில் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டினேன். பிறகு டவுன் பஸ் சீட்டை. பிறகு கட்டில் செய்த ஆசாரியின் கடைக்கே போய், பூச்சி விழுந்த மரத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டீர் என்று சத்தம் போட்டேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கட்டிலை என் வாப்பாவின் கல்யாணத்துக்குச் செய்ததாகப் பொறுமையாகச் சொன்னார்.

பரீதா அழுதாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். அவர்களைக் கடித்தால் அந்தப் பேச்சு நாகூருக்குப் போய் அவள் ஆயுசு முழுக்க நிற்கும். அதில் தப்பில்லை, நிற்கும்தான்.

தஞ்சாவூரில் பூச்சி ஒழிக்கிற கம்பெனி ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, எஸ்.டி.டி. பூத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தேன். சாதாரணச் சட்டையில் ஆள் அனுப்புங்கள், யார் கேட்டாலும் ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்று சொல்லச் சொல்லுங்கள் என்றேன். முடியாது என்றார்கள். வந்தவர் பெயர் செல்வராஜ். ஐம்பது வயது இருக்கும். ஒரு வார்த்தை பேசாமல்தான் தெருவுக்குள் வந்தார். ஆனால் அவர் சட்டை முதுகில் கம்பெனி என்ன செய்கிறது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. டீக்கடை மொத்தமும் வாசித்துவிட்டது.

வயலில் புகையான் பூச்சிக்கு மருந்து அடிக்கிற மாதிரி முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு அடித்துத் தள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் மருந்துப் பக்கமே போகவில்லை. ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பழைய அட்டை. கட்டில் பொருத்துகளுக்குள் அட்டையை விட்டு இழுத்தார். சுவிட்ச் போர்டைக் கழற்றினார். கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆனது.

"மருந்து அடிக்க வந்தீங்களா, வீட்டை விலை பேச வந்தீங்களா?" என்றேன்.

"எங்க இருக்குன்னு தெரியாம அடிச்சா அது பூச்சிக்கு மருந்து இல்ல பாய். உங்களுக்குத்தான்."

உம்மா கதவோரம் நின்று, தினமும் இரண்டு வேளை வீடு துடைக்கிறேனே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்வராஜ் டார்ச்சை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "அம்மா, இது அழுக்குக்கு வர்ற பூச்சி இல்ல. ரத்தத்துக்கு வர்றது. அரண்மனையிலயும் இருக்கும்." இத்தனை நாளாக நான் ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேனே தவிர, உம்மாவிடம் இப்படி ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பிறகு புலிக் கம்பளியை எடுத்தார். ஓரத் தையலை விரித்தார். பேனா மையைத் தெளித்த மாதிரி கறுப்புப் பொட்டுகள், பூச்சியின் எச்சம். அதை யாரிடமும் காட்டாமல், என்னை மட்டும் கொல்லைப் பக்கம் கூப்பிட்டார்.

"துபாய் ரூம்ல எத்தனை பேரு?"

"பன்னெண்டு."

"அங்க கடிக்குமா?"

கடிக்கும். பன்னிரண்டு பேரும் சொறிந்துகொண்டேதான் தூங்குவோம். ஐந்து கம்பளியையும் ரூம்காரர்களுக்குப் பிரித்துக் காட்டி, பெருமை அடித்து, மறுபடி மடித்து ஜிப் கவரில் போட்டு, ஜிப்பை மூடாமலே ஐந்து மாதம் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். ஊருக்குக் கிளம்பும்போதுதான் மூடினேன். (அங்கே கடித்தது மூட்டைப்பூச்சி, இங்கே கடித்தது ஆசாரியின் தப்பு. என் மூளை அப்படி.)

"மொத்தம் எத்தனை கொண்டாந்தீங்க?"

"அஞ்சு."

"மத்த நாலும் எங்க?"

கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்பதா? அதுவும் சம்பந்தி வீட்டில்? எங்கள் வீட்டை மட்டும் பாருங்கள், மற்றது உங்கள் வேலை இல்லை என்று கத்தினேன். அவர் துணியெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போகவேண்டும், மற்றதைப் பிளாஸ்டிக் பையில் கட்டவேண்டும், நான்கு மணி நேரம் யாரும் உள்ளே வரக்கூடாது, முட்டை மருந்துக்குச் சாகாது, அதனால் பதினைந்து நாளில் மறுபடி வருவேன் என்று வரிசையாகச் சொன்னார். சொன்னபடியே இண்டு இடுக்கு விடாமல் அடித்தார். ஒரு சொட்டு தரையில் வீணாகவில்லை. அப்படி ஒரு வேலைக்காரரை நான் துபாயிலும் பார்த்ததில்லை. அடித்து முடித்ததும், "நாகூருக்கு எப்பப் போறோம்?" என்றார்.

"போறோமா?"

"நீங்க தனியாப் போய்ப் பேசினா கல்யாணம் நின்னுடும் பாய்."

தெருவில் மூன்று வீட்டுக்கும் அன்றைக்கே போனேன். இரண்டு வீட்டில் திட்டு. பெரியம்மா திட்டவில்லை. கம்பளியைக் கம்பு நுனியில் தூக்கி வாசலில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். மூன்று வீட்டையும் செல்வராஜ் பார்த்து முடித்தார்.

மறுநாள் நாகூர் பஸ்ஸில் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். கம்பளியில் கம்பெனிக்காரன் ஏதோ சாயத் தப்பு செய்துவிட்டான், மாற்றித் தருகிறேன் என்று. மாமி கதவைத் திறந்தார். வாயைத் திறந்தேன்.

"மாமி, நான் கொடுத்த கம்பளியில மூட்டைப்பூச்சி இருக்கு. திருப்பிக் கொடுங்க."

செல்வராஜ் கண்ணை மூடிக்கொண்டார். மாமி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், உள்ளே போனார். பரீதாவின் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன். பீரோ திறக்கிற சத்தம். கம்பளியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நான் கொடுத்தபடியே இருந்தது. ஜிப் திறக்கப்படவே இல்லை.

"பிரிச்சா அழுக்காயிடும்ல தம்பி. வர்றவங்களுக்கு இப்படியே காட்டிட்டு உள்ள வச்சிடுவேன்."

செல்வராஜ் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிளாஸ்டிக்குக்கு உள்ளே, ரோஜாப்பூ மேல், ஒரு குடும்பம் நடந்துகொண்டிருந்தது. பெரியவர்கள், குஞ்சு குளுவான் எல்லாம். ஜிப் ஒன்றைக்கூட வெளியே விடவில்லை.

மாமி குனிந்து, நிதானமாக, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, முக்காடு நழுவுகிற அளவுக்குச் சிரித்தார்.

"பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே சொந்தக்காரங்களை அனுப்பிட்டியே தம்பி."

செல்வராஜ் அதற்கப்புறமும் பீரோவை நகர்த்தி, கட்டில்களைப் பிரித்து, எல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை. எதற்கும் இருக்கட்டும், மருந்து அடியுங்கள் என்றேன். இல்லாத பூச்சிக்கு மருந்து எதற்கு என்று டார்ச்சைப் பைக்குள் போட்டார். அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. யாரையும் எதுவும் கடிக்கவில்லை. ஆனால் இன்றுவரை நான் நாகூருக்குப் போனால் என் பை வீட்டுக்குள் போகாது. வாசலிலேயே வாங்கி மொட்டை மாடி வெயிலில் வைத்துவிடுவார்கள். போன மாதம் திருவையாற்று அசோகா அல்வா வாங்கிப் போனேன். அதற்கும் அதே கதி. நெய் உருகி ஓடுகிறது, இனிப்பையுமா வெயிலில் வைப்பீர்கள் என்று வாசலில் நின்று கத்தினேன்.

மாடியிலிருந்து பரீதாவின் மகள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "உம்மா, இனிப்பு காஞ்சிடுச்சு, உள்ள எடுத்துக்கலாம். மாமா இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்."