பானெட்டில் காது வைப்பவர்

சர்வீஸ் முடிந்து கார் வாசலுக்கு வந்ததும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பானெட்டின் மேல் ஒரு காதைச் சாய்க்கிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன். கேட்பதற்குக் கண்ணாடியை ஏன் கழற்ற வேண்டும் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இவர் மனிதர்களில் ஒரு தனி ரகம். மெக்கானிக் இல்லை, மெக்கானிக்காக இருந்தால் சில சமயம் சந்தேகம் வந்துவிடும். இவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருப்பார், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துவார், அல்லது என் அக்கா வீட்டுக்காரரைப் போலத் தபால் ஆபீஸில் முத்திரை குத்துவார். எங்கே இருந்தாலும் நிமிர்ந்ததும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "குடுக்கும்போது இந்தச் சத்தம் இல்ல."

ஏதோ சத்தம் இருந்ததால்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டுவிடாதீர்கள். அது வேறு சத்தம்.

உடனே மெக்கானிக்குக்கு ஃபோன் போகும். சத்தத்தை வாயாலேயே செய்துகாட்டுவார். ஒருமுறை அத்தான் அப்படிச் செய்தபோது அந்தப் பக்கத்திலிருந்து மெக்கானிக், "நல்லாக் கேக்குது சார், ஃபோனை இன்ஜின் கிட்டயே வச்சிருங்க" என்றார்.

"இன்ஜின் ஆஃப்ல இருக்குப்பா. அது நான்தான்."

காதோடு நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. காதுக்குப் பின்னால் கை வரும். அவன் நிஜமாகவே வேலை பார்த்தானா, பில்லை மட்டும் எழுதினானா என்று பார்க்க வேண்டாமா? பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குக் காற்று போகிற ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி, குழாயைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு ஊது ஊதி, மறுபடி மாட்டி, "பரவாயில்ல, செஞ்சிருக்கான்" என்று திருப்தியோடு கை கழுவப் போவார். அத்தானுக்குத் தட்டிப் பார்க்கப் பூரிக்கட்டை முதல் கை துடைக்கத் துண்டுவரை எடுத்துக் கொடுக்கிறவள் நான்தான். அந்த வீட்டில் அது என் வேலை.

இதில் அடிபட்டது அக்கா மகள். ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுத்து வர வேண்டும், அதனால் மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வேண்டும். இரண்டு முறை டெஸ்டுக்குப் போனாள். இரண்டு முறையும் நிறுத்தக் கோட்டருகே நிறுத்தியதும் வண்டி நடுங்கி அணைந்துவிட்டது. "கிளட்ச் வராது" என்று அதிகாரி எழுதிவிட்டார். அத்தானும் ஆமோதித்தார்: "கால் பதமா வரணும்மா. எனக்குக் காது வந்த மாதிரி." அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அத்தானின் காது அன்றைக்குப் போதவில்லை.

மகள் மேல் பாசம் இல்லாதவர் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முந்தின நாள் வண்டியைச் சர்வீஸுக்கு அனுப்பியவரே அவர்தான்.

மூன்றாவது டெஸ்ட், காலை ஒன்பதரைக்கு. இதுவும் போனால் வேலை வேறொருத்திக்கு. எட்டு மணிக்கு வண்டி கேட் தாண்டுவதற்குள் நடுங்கி அணைந்தது. அடுத்த தெருவிலிருந்த மெக்கானிக் தலை துவட்டாமலே ஓடிவந்தார். அவர் காதை எங்கேயும் வைக்கவில்லை. பானெட்டைத் தூக்கினார், பார்த்தார்.

"சார், நான் முடுக்கற கிளிப்புல எல்லாம் ஸ்க்ரூவையும் சேத்து மஞ்சப் பெயிண்ட்ல குறுக்க ஒரு கோடு இழுத்துதான் அனுப்புவேன். இதுல கோடு ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது பாருங்க. குழாயும் பாதிதான் உக்காந்திருக்கு, காத்துக் கசிஞ்சு வேகம் குறைஞ்சதும் வண்டி அணைஞ்சுடும்."

"ஓடற ஆட்டத்துல கழண்டிருக்கும்."

"ஸ்க்ரூ டிரைவர் இல்லாம கழலாது சார்."

"யாரு தொட்டது?" என்றாள் அக்கா.

அக்கா மகள் வண்டிக்குள்ளேயே, காலைக் கிளட்சில் வைத்தபடி, தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"நேத்து சாயங்காலம் அத்தான் ஸ்க்ரூ டிரைவர் கேட்டாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"போன டெஸ்டுக்கு முன்னாடியும் கேட்டாரா சித்தி?"

"கேட்டாரு."

"அதுக்கும் முன்னாடி?"

"அப்பவும்தான்மா."

அவள் கிளட்சை ஒருமுறை அழுத்தி மெல்ல விட்டாள். "அப்போ என் கால் நல்ல கால்தான்."

அத்தான் குழாயைப் பார்த்துக்கொண்டே, "உள்ள சுத்தமாத்தான் இருந்துச்சு" என்றார். மெக்கானிக் இரண்டு நிமிஷத்தில் முடுக்கிப் புதுக் கோடு இழுத்தார். அக்காவும் மகளும் மட்டும் கிளம்பிப் போனார்கள். வண்டி கோட்டருகே நின்றது, அணையவில்லை.

சிரிக்கிறீர்களா? தையல்காரர் தைத்துக் கொடுத்த மடிப்பைப் பிரித்து உள்தையல் பார்த்ததில்லையா? டாக்டர் போட்ட கட்டை, புண் ஆறுகிறதா என்று மூன்றாம் நாளே அவிழ்த்ததில்லையா? அவிழ்த்துவிட்டு, டாக்டர் சரியில்லை என்றதில்லையா? உங்களுக்கும் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்க ஒருத்தி இருப்பாள். அவளைக் கேட்டுப் பாருங்கள்.

அக்கா மகள் இப்போது அந்த வண்டியில்தான் வேலைக்குப் போகிறாள். சர்வீஸுக்கு விடுவதும் அவள், எடுத்து வருவதும் அவள். அத்தான் பின்சீட்டில் உட்கார்கிறார். வழி மட்டும் சொல்கிறார்.