தாகப்பேய் பிடித்த கார்கள்

ஊரில் இருந்த பழைய கார்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் பேய் பிடித்துவிட்டது. மனிதர்களைப் பிடித்துப் பிடித்துப் பேய்களுக்கே சலித்துவிட்டது போலும். மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் முற்றத்தில் விடிந்ததும் விடியாததுமாகக் கார்கள் வரிசை கட்டி நின்றன. முன்னால் கறுப்பு அங்கியும் நீண்ட மூக்குமாக நின்றார் புகை ஜோசியர். காருக்குப் பின்னால் குனிவார், புகையை ஓர் இழுப்பு இழுப்பார், இருமுவார், பிறகு பேயின் வரலாற்றைச் சொல்வார். இருமல் நீண்டால் பேய் பெரிது, காணிக்கையும் பெரிது.

அவர் தத்துவம் எளிமையானது. அந்தக் கார்களில் ரேடியேட்டர் கிடையாது. பின்பக்கம் இருக்கும் என்ஜினைக் காற்றுதான் குளிரவைக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். “தண்ணி இல்லாத இடத்துலதான் தாகப்பேய் குடியேறும்” என்பார் ஜோசியர். தாகம் எடுத்த பேய் தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்து ஏன் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடுமே.

சிகிச்சையும் எளிமைதான். காரை அணைத்து, கறுப்புத் துணி போர்த்தி, மறுநாள் காலைவரை கிடங்குக்குள் விட்டுவிட வேண்டும். யாரும் கிட்டே போகக் கூடாது. காலையில் சாவியைத் திருப்பினால் கார் சமர்த்தாகக் கிளம்பும், கூட்டம் கை தட்டும். அடுத்த முறை மலையேறும்போது அதே கார் பாதியில் மூச்சை விட்டுவிடும். பேய் திரும்பி வந்துவிட்டது என்று மறுபடி வரிசை. இப்படி ஒரு வாடிக்கை எந்தக் கடைக்காரருக்குக் கிடைக்கும்?

ஜோசியரின் பக்தர்களில் முதல் ஆள் தையற்காரர். கார் அவருடையதல்ல, மனைவியுடையது. மலைமேல் உள்ள வீடுகளுக்கெல்லாம் அந்த அம்மாள்தான் பிரசவ நர்ஸ். போன வாரம் கார் வளைவில் படுத்துவிட, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார். போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்து, தாமதமாக வந்தவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

“அந்தப் பிள்ளை சமாளிச்சுக்கிச்சு” என்றார் மனைவி. “அடுத்தது உச்சி வீடு. இரட்டைப் பிள்ளை. எந்த நாளும் வலி எடுக்கலாம். நான் நேரத்துக்குப் போகலைன்னா அந்தப் பொண்ணு பிழைக்கிறதே சந்தேகம். மெக்கானிக் சொன்ன மாதிரி என்ஜின் தலையில இருக்கிற ஹெட்டை மாத்திடலாங்க.”

“அவன் ஹெட் விக்கிறவன். அப்படித்தான் சொல்வான்.”

“ஜோசியர் என்ன விக்கிறாரு?”

“அவர் ஒண்ணும் விக்கலையே.”

“அதைத்தான் நானும் சொல்றேன். ஒண்ணுமே விக்காம வாங்கிக்கிறாரு.”

தையற்காரருக்குக் கோபம் வந்தது. “காலையில எப்படிக் கிளம்புச்சு, நீயும்தானே பார்த்தே?”

“உங்க இஸ்திரிப் பெட்டியை ராத்திரி அணைச்சு வச்சா, காலையில சுடுமா?”

“சுடாது.”

“எந்தப் பேய் இறங்கிப் போச்சு அதுல இருந்து?”

இவ்வளவு சின்னக் கேள்வியில் மாட்டிக்கொண்டது தையற்காரருக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் காணிக்கை கொடுத்த மனசு லேசில் விட்டுக்கொடுக்குமா? “சரி, வா. ஐயாகிட்டயே கேட்டுடலாம்” என்றார்.

மனைவி நேரே கிடங்குக்குப் போகவில்லை. காரை மலைப் பாதையில் ஏற்றினார். கார் திக்கித் திணறத் தொடங்கியதும் திருப்பி, அணைக்காமலே முற்றத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவருக்கு என்ஜினைவிட அதிகமாக வியர்த்தது.

ஜோசியர் குனிந்து இழுத்து, நீளமாக இருமினார். “பெரிய பேய். வண்டியை அணைம்மா.”

“அணைக்க மாட்டேங்க. பேய் இப்ப உள்ளேதானே இருக்கு? இப்பவே விரட்டுங்க.”

“சத்தத்துல மந்திரம் ஏறாது.”

“பேய்க்குக் காது மந்தமா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஜோசியர் வேறு வழியில்லாமல் துணியை வீசினார், முணுமுணுத்தார், காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கார் அதே திக்கலோடு டப் டப்பென்று அடித்தது. பேய் அசையவே இல்லை.

மனைவி வரிசையின் கடைசிக்குத் திரும்பினார். “பால்காரரே, நீங்க எப்ப வந்தீங்க?”

“காலையில வந்தேம்மா. வரும்போதே வண்டி செத்துப்போச்சு, தள்ளிட்டு வந்தேன். இன்னும் என் முறை வரலை.”

“இப்ப கிளப்பிப் பாருங்க.”

பால்காரர் சாவியைத் திருப்பினார். கார் சமர்த்தாகக் கிளம்பியது. மந்திரம் இல்லை, துணி இல்லை, மர நிழலில் நின்று ஆறியது மட்டும்தான்.

“என் பார்வை பட்டிருக்கு” என்றார் ஜோசியர். அசராத மனிதர்.

“அப்ப இவரோட வண்டியில ஏறி, மலை உச்சி வரைக்கும் பார்த்துக்கிட்டே வாங்க” என்றார் மனைவி.

கூட்டம் அவரை மரியாதையோடு ஏற்றி உட்காரவைத்தது. ஏறாமல் இருக்கத்தான் பார்த்தார், மரியாதை கொஞ்சம் பலமாக இருந்தது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவதில் கார் திக்கியது. மூன்றாவதில் நின்றேவிட்டது. பின்னால் நடந்து வந்தவர்கள் பார்த்தபோது ஜோசியர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார். கிடங்கின் பின்புறம் அவருடைய சொந்தக் கார் காத்திருந்தது. புத்தம் புதியது, ரேடியேட்டர் உள்ளது.

அன்றைக்கே மெக்கானிக் நர்ஸம்மாவின் என்ஜினைப் பிரித்தார். குளிரவைக்கும் தகடுகளுக்கு நடுவே தூசியும் எண்ணெயும் அடையாக அப்பியிருந்தன. காற்று எங்கே போகும்? ஹெட்டைக் கழற்றியதும் இரண்டு வால்வுகளுக்கு நடுவில் மெல்லிய விரிசல் தெரிந்தது. ஆறியிருக்கும்போது மூடிக்கொள்ளும், சூடானால் திறந்துகொண்டு என்ஜினின் பலத்தைக் கசியவிடும். தையற்காரர் அதை விரலால் தடவிப் பார்த்தார். மனைவி பையோடு மலையேறி நடந்தது நினைவுக்கு வர, அவர் கண் கலங்கியது.

புது ஹெட்டின் நட்டுகளை மெக்கானிக் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். “காலருக்குக் குண்டூசி குத்துற மாதிரி” என்றார் தையற்காரர். “ஒரு பக்கமாவே போனா கோணிக்கும்.”

“அதேதான். விளக்கை நேராப் பிடிங்க” என்றார் மெக்கானிக்.

உச்சி வீட்டிலிருந்து ஆள் வந்தபோது கார் ஒரே மூச்சில் மேலே போனது. பெண் ஒன்று, ஆண் ஒன்று. இரண்டாவது பிள்ளை காலை நீட்டிக்கொண்டு வந்து பயமுறுத்தியது. நர்ஸம்மா பக்கத்தில் இருந்ததால் தாயும் பிழைத்தாள், பிள்ளைகளும் பிழைத்தன. செய்தி கேட்டுத் தையற்காரர் கடையை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் வாசற்கதவைத் திறந்தால், தெரு முழுக்கக் கார்கள். முன்னால் பால்காரர், கையில் காணிக்கை உறை.

“நர்ஸம்மா, எங்க வண்டிங்களையும் ஒரு பார்வை பாருங்க. உங்க கண்ணு பட்டாலே போதும், சரியாயிடும்.”

மனைவி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

“எல்லாரும் மெக்கானிக்கிட்டப் போங்க. இன்னும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. யார் எதைச் சொன்னாலும், நல்லா சூடாக்கி மலையேத்திப் பார்த்துட்டு அப்புறம் நம்புங்க. நான் சொல்றதையும் சேர்த்துத்தான்.”