ஏழாம் நம்பர் எலும்பு

சுல்மா மூன்றாவது தடவையாக ஃபெயில். அதுவும் ஒரே ஒரு மார்க்கில். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வேலையில் சேர சர்டிபிகேட் வேண்டும்.

நர்ஸிங் பள்ளித் தேர்வில் மேஜை மேல் இருபது எலும்புகள் வைத்திருப்பார்கள். மணி அடித்தால் அடுத்த எலும்புக்கு நகர வேண்டும். ஏழாம் நம்பருக்கு மற்ற முப்பது பேரும் ‘மனிதக் கணுக்கால் எலும்பு’ என்று எழுதினார்கள். சுல்மா மட்டும் ‘கன்றுக்குட்டியுடையது’ என்று எழுதினாள். அவள் மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமையானால் ஊர் ஆண்கள் அந்த எலும்பைத்தான் தூக்கிப் போட்டு, எந்தப் பக்கம் விழுகிறதென்று பார்த்து ‘தாபா’ விளையாடுகிறார்கள். அவளுக்கா தெரியாது?

டாக்டர் ஒஃபெலியா பல் டாக்டர். வேறு ஆள் கிடைக்காததால் எலும்புப் பாடமும் எடுத்தார். தாடைக்குக் கீழே இருப்பதெல்லாம் அவருக்குப் புத்தகத்தில் படித்ததுதான்.

“பத்தொன்பது வருஷமா இத வச்சுதான் சொல்லிக் குடுக்கறேன். நீ எனக்குச் சொல்லித் தர்றியா?”

“நல்லாப் பாருங்க டாக்டரம்மா. இத வச்சிக்கிட்டு மனுஷன் நடந்தா நொண்டுவான்.”

“வாய்க்கொழுப்புக்கு இன்னொரு மார்க் போச்சு.”

எலும்புகளைக் கழுவி அடுக்கும் காவலாளி காசியானோ குறுக்கே வந்தார். “விட்டுரும்மா. ஒரு எலும்புக்குப் போய் எதுக்கு வம்பு?”

விடுவாளா? வீட்டுக்கு ஓடி, மாமாவின் தாபா எலும்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டும் அச்சு அசலாக ஒன்று.

டாக்டர் ஒஃபெலியாவின் முகம் வெளுத்தது. “ஏண்டி, உன் மாமா வீட்டுல இது எப்படி வந்துச்சு? யாரோட காலுடி இது?”

சுல்மா வாயைத் திறப்பதற்குள் போலீசுக்கு போன் போய்விட்டது. மார்க் கேட்க வந்தவள் கொலைக் கேஸில் நின்றாள். அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

கான்ஸ்டபிள் ருஃபினோ, மாத்தே டீ ஃபிளாஸ்கை அக்குளில் இடுக்கியபடி வந்தார். மாமாவின் எலும்பைப் பார்த்துவிட்டு, “கன்னுக்குட்டி” என்று கீழே வைத்தார். பள்ளி எலும்பை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

“அட, காசியானோ! நம்ம ஸ்டேஷன் தாபா எலும்புய்யா இது. நான் கத்தியால போட்ட வெட்டு அப்படியே இருக்கு. கழுவித் தரேன்னு வாங்கிட்டுப் போனியே, இது எப்படிய்யா இங்க வந்துச்சு?”

காசியானோ தரையைப் பார்த்தார். சுல்மா விடைத்தாளை நகர்த்தி வைத்தாள். டாக்டரம்மா சிவப்புப் பேனாவை எடுத்து, வெட்டிய மார்க் இரண்டையும் திருப்பிப் போட்டார்.

ருஃபினோவின் சிரிப்புதான் மெல்ல மெல்ல அடங்கியது.

“யோவ், அப்ப நீ கழுவித் திருப்பிக் குடுத்தியே, பத்தொன்பது வருஷமா நாங்க ஸ்டேஷன்ல தூக்கிப் போட்டு விளையாடறது... அது யாரோட காலுய்யா?”