கடைசி இடத்துக்குப் போட்டி

பூசைக்கு மணி அடித்துவிட்டது. றோலண்ட் மட்டும் கொட்டும் மழையில் குடையைப் பிடித்தபடி மாதா கோயில் வாசலிலேயே நின்றார். எதிரே இன்னொரு குடை. அதன் கீழே தேயிலைத் தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் ஜூட்சன்.

"உள்ள போங்க கிளாக்கரய்யா, நனையிறீங்க."

"மொதலாளி முன்னுக்குப் போங்க. நான் பின்னால வாரேன்."

"சே, படிச்சவங்க நீங்க. நீங்கதான் முன்னுக்கு."

இருவரும் அசையவில்லை. இருவர் காலிலும் அட்டைப்பூச்சி ஏறிக்கொண்டிருந்தது.

எல்லாம் போன ஞாயிறு வந்த வினை. வட்டவளைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்துக் கோயிலுக்குப் புதிதாக வந்தவர் ஜெரோமி ஃபாதர். வயது குறைவு, குறும்பு அதிகம். பிரசங்கத்தின் முடிவில் அவர் சொன்னார்: "நம்ம கோயில் பங்குச் சபைத் தலைவர இந்த வருஷம் நானே தெரிவு செய்யப்போறேன். கடைசியானவங்க முதலாவாங்கன்னு ஆண்டவர் சொல்லியிருக்காரு. திருவிழா வரைக்கும் பார்ப்பேன். எல்லாருக்கும் பின்னால வாரவர்தான் தலைவர்."

ஹட்டனில் இரும்புக்கடையும் லொறிகளும் வைத்திருந்த றோலண்டுக்கு அந்தப் பதவி வேண்டியிருந்தது. தலைவரானால் அமைச்சர் வரும் மேடையில் உட்காரலாம். மேடையில் உட்கார்ந்தால் பிரதேச சபைத் தேர்தலில் நிற்கலாம். இத்தனை காலமும் முதல் வரிசை வாங்கில், அந்தக் குளிரிலும், தன் பெயர் எழுதிய மின்விசிறிக்குக் கீழேதான் அவர் உட்கார்ந்து வந்தார். இப்போது கடைசி இடத்தைப் பிடித்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டார்.

அவர் மனைவி ஷிராணி கோயிலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஊசிக் காதுக்குள்ள ஒட்டகம் போனாலும் போகும், பணக்காரன் மோட்சத்துக்குப் போறது கஷ்டம்னு வாசிச்சாங்க. நீங்க கோயிலுக்குள்ளயே வர மாட்டேங்கிறீங்களே!"

"ஒட்டகத்துக்கு வரிசையில நிக்கத் தெரியாது ஷிராணி. எனக்குத் தெரியும்."

அப்போதுதான் படிக்கட்டின் அடியில் ஓர் உருவம் தெரிந்தது. கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா. முனியாண்டியையும் கும்பிடுவாள், அந்தோனியாருக்கும் மெழுகுதிரி கொளுத்துவாள். ஒரு காலை இழுத்து இழுத்து ஏறிக்கொண்டிருந்தாள்.

றோலண்டுக்குப் பகீரென்றது. இப்போது கடைசி ஆள் அவளல்லவா!

ஓடிப்போய் அவள் பையை வாங்கினார். "வெரசா வாங்கக்கா!"

"நீங்க போங்க மொதலாளி. முழங்கால் புடிச்சிக்கிச்சு. நான் மெதுவா வாரேன்."

"மெதுவா வந்தா எனக்குத்தான் ஆபத்து!"

ஜூட்சனும் விடவில்லை. பாய்ந்து வந்து பேச்சியம்மாவின் கையைப் பிடித்தார். றோலண்ட் ஒரு கணம் யோசித்தார். பின், அவளுக்குப் பின்னால் போய் நின்று குடையைப் பிடித்தார். குடை பிடிப்பவன்தானே கடைசி? முதல் வெற்றி அவருக்கு.

அடுத்த ஞாயிறு ஜூட்சன் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்து கடைசியாக வந்துவிட்டார். றோலண்ட் சளைக்கவில்லை. மெதுவாக நடப்பவர்கள் நேரத்தோடு வந்துவிட்டால் தன் வேலை சுலபம் என்று கணக்குப் போட்டு, அதற்கடுத்த வாரம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குத் தன் வேனை அனுப்பினார்.

அதுதான் பிழையாகிவிட்டது. வேன் வருகிறது என்றதும் வருஷக்கணக்காகக் கோயில் பக்கம் வராத நோயாளிகளும் கிழவர்களும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வேன் கோயில் படியடி வரைக்கும்தான் போகும். அதற்கு மேல் ஒவ்வொருவரையும் றோலண்டே தாங்கி ஏற்றவேண்டியிருந்தது. யாருக்கு எந்தக் கால் வலி, யார் மகன் கொழும்பில், யாருக்குப் பேச்சுத் துணை இல்லை என்பதெல்லாம் அவருக்குப் பாடமாகிவிட்டது. எல்லோருக்கும் பின்னால் வழக்கம்போலப் பேச்சியம்மா.

"முந்தாநாளு மலையில கூடையோட ஓடுச்சே அந்த அக்கா?" என்றாள் ஷிராணி.

"வாத வலி ஷிராணி. சொல்லிட்டா வரும்?"

திருவிழா வந்தது. மாதா சொரூபம் முன்னே போய்விட்டது. ஊர்வலத்தின் வாலில் றோலண்ட், ஜூட்சன், பேச்சியம்மா மூவரும் நத்தைகளாக நகர்ந்தார்கள்.

கோயில் படிக்குக் கீழே, சேற்றில் ஜூட்சன் சறுக்கி விழுந்தார். எழும்ப முடியவில்லை. கணுக்கால் வீங்கிவிட்டது.

றோலண்டுக்கு முதலில் சந்தோஷம்தான். மறுகணமே பயம். இந்த மனிதர் இங்கேயே உட்கார்ந்திருந்தால் கடைசி ஆள் இவராகிவிடுவாரே!

"ஏறுங்க முதுகுல."

பாதிப் படி ஏறியதும் காதருகே குரல் கேட்டது: "மொதலாளி, இப்ப ஒங்களுக்குப் பின்னால இருக்கிறது நான்தான்."

றோலண்ட் நின்றார். உண்மைதான். கீழே இறக்கிவிட்டால் போதும். இரண்டு படி மேலே பேச்சியம்மா திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூட்சன் வலியில் முனகினார்.

"நீங்களே கடைசியா இருந்துட்டுப் போங்க கிளாக்கரய்யா. கழுத்த மட்டும் நெரிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு றோலண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சப் படிகளையும் ஏறினார்.

மேலே ஜெரோமி ஃபாதர் காத்திருந்தார். பக்கத்தில், பூ வைத்த புதிய நாற்காலி.

"கடைசியா வந்தது யாரு?"

"நான்தான் ஃபாதர்," என்றார் ஜூட்சன், முதுகிலிருந்தபடியே. பிறகு கீழே றோலண்டின் சேறு படிந்த காலைக் காட்டினார். "ஆனா வந்தது என் காலு இல்ல. அவரு காலு. அவரையே போடுங்க."

கைதட்டல் எழுந்தது. ஃபாதர் றோலண்டின் தோளில் கை வைத்து நாற்காலியைக் காட்டினார்.

றோலண்ட் நாற்காலியைப் பார்த்தார். எத்தனை நாள் கனவு! மூச்சு வாங்கியது.

"அது கெடக்கட்டும் ஃபாதர். கிளாக்கரய்யாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், நான் வேன எடுக்கிறேன்," என்றவர் திரும்பி, நாற்காலியை இழுத்துப் போட்டார். "அக்கா, நீங்க இதுல உக்காருங்க. முழங்காலோட எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க?"

பேச்சியம்மா உட்காரவில்லை. ஃபாதரைப் பார்த்து மெல்லக் கேட்டாள்:

"சாமி, அதான் தலைவரு கெடைச்சிட்டாருல்ல... இனிமே நான் நொண்டாம நடக்கலாங்களா?"