இரும்புப் பீரோவுக்குள் வைஃபை

உலகில் இதுவரை விழுந்த கோட்டைகளில் ஒன்றுகூட எதிரியின் பலத்தால் விழவில்லை. உள்ளே இருந்த எவனோ ஒருவனுடைய அலட்சியத்தால்தான் விழுந்தன. இந்த மகத்தான உண்மையை உரக்கச் சொல்லி முடித்தவர், அந்த நேரத்தில் இரும்புப் பீரோவின் கீழ்த்தட்டுக்குள் தலையை நுழைத்து மண்டிபோட்டிருந்தார். இடுப்புக்கு மேல் கோட்டும் டையும். இடுப்புக்குக் கீழே வெளுத்துப்போன அரைக்கால் சட்டை.

“கோட்டை விழட்டும். அந்தப் பொட்டியை எதுக்கு என் துணிக்கு நடுவுல செருகுறீங்க?” என்றாள் மனைவி.

“இது வெறும் பொட்டி இல்ல. ரூட்டர். வீட்டோட மொத்த ரகசியமும் இது வழியாத்தான் போகும், வரும்.”

“நம்ம வீட்ல என்னங்க ரகசியம்?”

அவர் தலையை இன்னும் உள்ளே நுழைத்துக்கொண்டார். ஒன்றும் இல்லை என்பதை வெளியே விடாமலிருப்பதும் பாதுகாப்பில் ஒரு பகுதிதான்.

அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் ஆவணக் காப்பறைக் கண்காணிப்பாளர். தன் விடுப்புக் கடிதத்தைக்கூட உறையில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்துத்தான் மேலே அனுப்புவார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு அரக்கு என்று பெயர். மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொன்னார்கள். மனைவி கோபம் வந்தால் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

அன்று பதினோரு மணிக்கு அரக்குவுக்கு நேர்காணல். பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் பதவி. பதினோரு வருடமாக அவர் காத்திருந்த நாற்காலி. போட்டிக்கு நின்ற இன்னொருவன், அவரே கையைப் பிடித்து முத்திரை குத்தக் கற்றுக்கொடுத்த உதவியாளன். இப்போது அவன் வாயைத் திறந்தால் ‘சைபர்’ என்ற சொல்லில்லாமல் மூடுவதில்லை. அவனுக்குக் கிடைத்துவிட்டால் திங்கட்கிழமை முதல் அரக்கு வருகைப் பதிவேட்டோடு அவன் மேஜைக்கு முன்னால் நிற்க வேண்டும். உட்காரச் சொல்வானா என்பதுகூட நிச்சயமில்லை.

நேர்காணல் காணொளி வழியாக. ‘விண்ணப்பதாரர் தம் இல்லத்தில் நிலையான இணைய இணைப்பைத் தாமே உறுதிசெய்து கொள்ள வேண்டும்’ என்று சுற்றறிக்கை சொன்னது. அலுவலகக் குடியிருப்பின் முதல் மாடியில் இருந்த அவர் வீட்டில் கைபேசிக்கு ஒற்றைக் கோடுதான் வரும். அதுவும் சமையலறை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால்.

“மாட்டிக் குடுக்க ஆள் அனுப்பறேன்னு நெட் கம்பெனியில சொன்னாங்க. நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க.”

“முன்பின் தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விட்டு, பாஸ்வேர்டையும் அவன் கையாலயே போடச் சொல்லணுமா? வேற வினை வேண்டாம்.”

பீரோவின் பின்மூலையில் துரு தின்ற ஓட்டை வழியாக ஒயர்களை உள்ளே இழுத்தார். உள்ளே விளக்குகள் மினுக்கின. கதவைச் சாத்தி, பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் போட்டார்.

“என் துணியெல்லாம் உள்ள இருக்கு.”

“பதினோரு மணிக்கு மேல எழுதிக் குடுத்து வாங்கிக்கோ.”

கைபேசியில் தேடினார். கையேட்டில் அச்சிட்டிருந்த அதே கம்பெனிப் பெயர் வந்து நின்றது. தொட்டார். எந்தக் கேள்வியும் கேட்காமல் இணைந்துகொண்டது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவர் அதிர்ந்து போனார்.

“பாஸ்வேர்டே கேக்கல. வர்றவன் போறவன் எல்லாம் நுழையலாம் போல.”

“புதுசுதானே. நீங்கதானே போடணும்?”

கையேட்டில் இருந்தபடி ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். அதற்கு ஒரு பாஸ்வேர்டு இருந்தது. அதையும் கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். இந்த அநியாயத்தை ஜீரணித்துக்கொண்டு உள்ளே போனவரை இரண்டாவது அதிர்ச்சி அங்கே வரவேற்றது.

‘தற்போது இணைந்துள்ள கருவிகள்: ஐந்து.’

நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

“நம்ம வீட்ல எத்தனை கருவி இருக்கு?”

“உங்க போன், என் போன், உங்க லேப்டாப். என் போன்தான் சார்ஜ் இல்லாம செத்துக் கிடக்கே. லேப்டாப்பை நீங்க இன்னும் தொறக்கவே இல்ல.”

“அப்போ நம்மளுது ஒண்ணுதான். இங்க அஞ்சு இருக்கு. போட்டு அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள நாலு திருடன்.”

மனைவி எட்டிப் பார்த்தாள். மூன்று கைபேசிகள், ஒரு பிரிண்டர், ஒரு டிவி.

“டிவியா?” அவள் குரலில் அதிர்ச்சியைவிட ஏக்கம் அதிகமிருந்தது. “அறுபத்தஞ்சு இஞ்ச்சுனு போட்டிருக்குங்க. நம்மகிட்ட திருடறவன் நம்மளவிட வசதியா இருக்கான்.”

“பிரிண்டர் வேற வெச்சிருக்கான் பாரு. திருடுனதுக்கு ரசீது போட்டுத் தருவான் போல.”

முதல் வேலையாக டிவியைத் தடுத்தார். ‘இக்கருவி இனி இணைய முடியாது’ என்று திரை சொன்னபோது, பல வருடங்களுக்குப் பிறகு தன் உத்தரவு ஒன்று உடனே நிறைவேறியதைக் கண்டு அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

“போதும், இதோட விடுங்க. மணி பத்தரை ஆகப்போகுது. பில்டிங்ல யாரையாவது கேட்டுப் பாக்கலாமே. மேல் வீட்டுக்குக்கூட யாரோ குடி வந்திருக்காங்க.”

“திருடன் யாருன்னு தெரியாதப்போ எல்லாருமே சந்தேகத்துக்கு உரியவங்கதான். உன் தம்பியையும் சேத்துச் சொல்றேன்.”

“அவன் வேற ஊர்ல இருக்கான்.”

“அங்கேர்ந்து முடியாதுன்னு உனக்கு யார் சொன்னது?”

ஆனாலும் கம்பெனியின் உதவி எண்ணை, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி, அழைத்தார். ஒரு பெண் குரல் தேன் தடவி வணக்கம் சொன்னது.

“சார், ரூட்டர் எந்த இடத்துல வெச்சிருக்கீங்க?”

“அதை உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?”

“இல்ல சார், ஹால்லயா, ரூம்லயான்னு தெரிஞ்சா—”

“பாதுகாப்பான இடத்துல இருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

“சரி சார். அதுல பச்சை லைட் எரியுதா, சிவப்பு லைட் எரியுதா?”

“பூட்டியிருக்கு.”

“எது சார் பூட்டியிருக்கு?”

இவ்வளவு துருவிக் கேட்பவள் யாருக்காக வேலை செய்கிறாள் என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. இணைப்பைத் துண்டித்தார்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. வெறுமனே தடுத்தால் போதாது. முறைப்படி விளக்கம் கேட்க வேண்டும். திருடனுடைய பிரிண்டர் இன்னும் பட்டியலில் இருந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கைபேசியிலேயே குறிப்பாணையைத் தட்டினார்.

‘பொருள்: அனுமதியின்றி இணைய இணைப்பைப் பயன்படுத்துதல் – விளக்கம் கோரல் – தொடர்பாக. தாங்கள் யாரென்று தெரியவில்லை. எனினும் தாங்கள் ஒரு திருடர் என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெரிகிறது. இனியும் தொடர்ந்தால் தங்கள் குடும்பத்தினர் அனைவருடைய கருவிகளும் ஒவ்வொன்றாக முடக்கப்படும். உழைத்துப் பிழைக்கவும்.’

மூன்று பிரதிகள் அச்சிடக் கட்டளை கொடுத்தார்.

“எதுக்கு மூணு?” என்றாள் மனைவி.

“அவனுக்கு ஒண்ணு, அவன் கோப்புக்கு ஒண்ணு, ஒப்புதல் கையெழுத்துப் போட ஒண்ணு.”

பெயர் போடவில்லை. ‘உரிமையாளர்’ என்று மட்டும் முடித்தார். மூன்றும் அச்சாகிவிட்டதாகத் தகவல் வந்ததும் பிரிண்டரையும் தடுத்தார்.

அடுத்தது கைபேசிகள். ஒன்றைத் தடுத்தார். இரண்டாவதைத் தடுத்தார். கை சூடு பிடித்துவிட்டது. மூன்றாவதையும் தடுத்தார். உடனே திரை வெளுத்து, ‘தங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது.

“அடப் பாவி. என்னையே வெளியில தள்ளிட்டான்.”

மனைவி நிதானமாகக் கேட்டாள். “மூணாவது போன் யாருது?”

அவர் யோசித்தார். கொஞ்சம் அதிகமாகவே யோசித்தார்.

“என்னுது,” என்றார்.

மணி பத்து நாற்பது. லேப்டாப்பைத் திறந்து, அதில் இணைந்து, மறுபடியும் அமைப்புப் பக்கத்துக்குள் போனார். தன் கைபேசிக்கு மன்னிப்பு வழங்கும் பொத்தானை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. தேடும்போது வேறொன்று கிடைத்தது: அமைப்புப் பக்கத்தின் பாஸ்வேர்டையே மாற்றும் வசதி. அதாவது, இனி அவரைத் தவிர வேறு யாரும் எதையும் திருத்த முடியாது. இருபத்து நான்கு எழுத்துகளில் ஒரு பாஸ்வேர்டு போட்டார். போடும்போது மனைவியைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்.

“எனக்குக்கூடச் சொல்ல மாட்டீங்களா?”

“உன் நன்மைக்குத்தான். நாளைக்கு யாராவது மிரட்டிக் கேட்டா, தெரியாதுன்னு நீ உண்மையே சொல்லலாம்.”

“போங்க அரக்கு,” என்றாள் அவள்.

பத்து ஐம்பத்தைந்து. பட்டியலைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். இரண்டு கருவிகள். இரண்டும் லேப்டாப்கள். ஒன்று அவருடையது.

“இன்னொருத்தன் முளைச்சிட்டான்.”

“அவனை அப்புறம் பாத்துக்கலாம். இப்போ தடுக்கறேன்னு மறுபடி உங்களையே தடுத்துக்கிட்டா நேர்காணல் போச்சு. பேசாம உக்காருங்க.”

நியாயமான பேச்சு. தன் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த எண்ணை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, டையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

திரையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மனிதவளப் பிரிவு அம்மையார் ஒருவர். கேமராவுக்கு நெற்றியை மட்டும் காட்டிய மூத்த அதிகாரி ஒருவர். நேர்காணல் குழுவின் தலைவர் நான்கு நிமிடம் தாமதமாக வந்தார். போன வாரம் மாற்றலாகி வந்து பொறுப்பேற்ற புதிய இயக்குநர். அவருக்குப் பின்னால் பொய்யான புத்தக அலமாரி ஒன்று தெரிந்தது.

“மன்னிக்கணும். காலைலேர்ந்து ஒரே தொந்தரவு,” என்றார் இயக்குநர். குரலில் இன்னும் எரிச்சல் வடியவில்லை. “ஆரம்பிக்கலாம். பாதுகாப்புன்னு ஏட்டுல இருக்கறதை எல்லாரும் ஒப்பிப்பாங்க. சொந்த வாழ்க்கையில நீங்க எப்படிக் கடைப்பிடிக்கறீங்க? ஒரு உதாரணம் சொல்லுங்க, பாக்கலாம்.”

இப்படி ஒரு கேள்வி வருமென்று அரக்கு கனவிலும் நினைக்கவில்லை. பதினோரு வருடம் காத்திருந்ததற்குக் கூலி கிடைத்ததுபோல் இருந்தது.

“ஐயா, இன்னிக்குக் காலைல நடந்ததையே சொல்றேன். என் வீட்டு இணைய இணைப்புக்குள்ள ஒரு திருட்டுக் கும்பல் நுழைஞ்சிடுச்சு.”

அம்மையார் நிமிர்ந்தார். நெற்றி அதிகாரியின் கண்கள்கூட முதன்முறையாகத் திரைக்குள் வந்தன.

“அப்புறம்?” என்றார் இயக்குநர்.

“ஒவ்வொருத்தனா அடையாளம் கண்டேன் ஐயா. முதல்ல அவனோட டிவியை முடக்கினேன்.”

இயக்குநர் முன்னால் சாய்ந்தார். “டிவியையா?”

“அறுபத்தஞ்சு இஞ்ச் ஐயா. உழைச்சு வாங்கியிருக்க மாட்டான். அப்புறம் அவன் பிரிண்டருக்கே ஒரு குறிப்பாணை அனுப்பினேன். மூணு பிரதி.”

இயக்குநரின் முகம் மெல்லச் சிவந்தது. பாராட்டு உள்ளுக்குள் பொங்கினால் சிலருக்கு அப்படித்தான் சிவக்கும் என்று அரக்கு எடுத்துக்கொண்டார்.

“அதுல என்ன எழுதினீங்க?”

அரக்குவுக்கு மனப்பாடம். பொருள் முதல் ‘உழைத்துப் பிழைக்கவும்’ வரை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தார். அம்மையார் குறிப்பெடுத்துக்கொண்டார். இயக்குநர் பக்கத்தில் யாரையோ திரும்பிப் பார்த்தார். ஒரு பெண் குரல், “அதேதாங்க,” என்றது.

“நீங்க குடியிருக்கறது எங்க?” என்றார் இயக்குநர், மிக மெதுவாக.

“நம்ம குடியிருப்புலதான் ஐயா. ஆனா அதுக்கு மேல வெளியில சொல்றது வழக்கமில்ல.” இதைச் சொன்னபோது அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது. “அது மட்டுமில்ல ஐயா. கும்பல்ல ஒருத்தன் இன்னும் மிச்சம் இருக்கான். ஒரு லேப்டாப். இந்த நிமிஷம் வரைக்கும் என் இணைப்புலதான் உக்காந்திருக்கான். நீங்க அனுமதிச்சா, உங்க கண் முன்னாலயே அவனையும் முடிச்சுக் காட்டறேன்.”

இயக்குநர் கையை உயர்த்தினார். “வேண்—”

அரக்கு அதற்குள் எண்ணைச் சரிபார்த்து, பொத்தானை அழுத்தியிருந்தார்.

உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றது. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. புத்தக அலமாரி கட்டம் கட்டமாக உடைந்தது. அப்புறம் அந்தச் சதுரம் முழுவதும் கறுப்பானது.

“சாரோட லைன் போயிடுச்சு போல,” என்றார் அம்மையார். “கொஞ்சம் காத்திருக்கலாம். பிரமாதமா போயிட்டிருந்துது.”

“பரவாயில்லீங்க. எல்லாரும் வீட்ல இணைப்பை ஒழுங்கா வெச்சுக்கறதில்ல,” என்றார் அரக்கு, பெருந்தன்மையோடு.

கதவோரமாக நின்ற மனைவி, கல்யாணம் ஆன நாளிலிருந்து காட்டாத ஒரு முகத்தைக் காட்டினாள். அதில் கொஞ்சம் வியப்பு இருந்தது. அவர் கேமராவுக்குத் தெரியாமல் காலை ஆட்டிக்கொண்டார். திங்கட்கிழமை அந்த உதவியாளன் தன் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கும்போது உட்காரச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தார். சொல்லலாம். இரண்டு நிமிடம் கழித்து.

படியில் யாரோ வேகமாக இறங்கி வரும் சத்தம் கேட்டது. அழைப்பு மணி அடித்தது. மனைவி கதவைத் திறந்தாள். குடியிருப்பின் காவலாளி, தொப்பியைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றார்.

“சார் முக்கியமான பேச்சுல இருக்காரு. என்ன விஷயம்?” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா,” என்றார் காவலாளி. “மேல் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கற இயக்குநர் ஐயா அனுப்பினாரு. அவங்க வீட்டு வைஃபைக்குச் சார் என்ன பாஸ்வேர்டு போட்டிருக்காருன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு.”